தோலில் தங்கிய ஒளி

வானத்தைப் படமெடுக்கப் புதிதாகத் தொடங்கும் ஒருவருடைய முதல் படங்களில் வானத்தைவிட அவருடைய ஊர்தான் அதிகம் பதிந்திருக்கும். ஆம்பூரில் மொட்டை மாடியில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு இதில் இறங்கியவர்களுக்கு இது சீக்கிரமே புரிந்துவிடும். கோடாக இழுபட்ட விண்மீன்கள் பூமி சுழல்வதைச் சொல்லும். நடுங்கிக் கலங்கும் வியாழன், பகலெல்லாம் வெயில் குடித்த சிமெண்ட் தளங்கள் இரவில் விடும் மூச்சைச் சொல்லும். படம் முழுவதும் சிதறிக் கிடக்கும் சிவப்பு, நீலப் புள்ளிகள் கேமராவுக்குள் ஏறிய சூட்டைச் சொல்லும். கறுப்பாக இருக்க வேண்டிய பின்னணியில் படர்ந்த வெளுப்பு, நெடுஞ்சாலை விளக்குகளையும் இரவு ஷிப்ட் ஓடும் கம்பெனிகளையும் சொல்லும். கருவியின் குறை என்று தோன்றுபவற்றில் பெரும்பகுதி நாம் நிற்கும் இடத்தைப் பற்றிய செய்திதான். அவற்றை ஒவ்வொன்றாகப் படிக்கத் தெரிந்துகொள்வதே இந்தக் கலையின் முதல் பாடம் என்று நான் நம்புகிறேன்.

ஆம்பூர் ஏறக்குறைய 12.8 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. வடக்கே ஆந்திர எல்லையை ஒட்டிய குன்றுகள், தெற்கே ஜவ்வாது மலை. இடையில் பாலாறு, ரயில் பாதை, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நீளும் இந்தப் பகுதியை நாடு தோலுக்காக அறியும். வானியலாளர்கள் இதை வேறொரு காரணத்துக்காக அறிவார்கள். ஆம்பூருக்குத் தெற்கே, நேர்க்கோட்டில் சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலைமேல் 725 மீட்டர் உயரத்தில் காவலூர் இருக்கிறது. இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் அங்கேதான். தோல் கம்பெனிகளும் தொலைநோக்கிகளும் இப்படிப் பக்கத்தில் அமைந்தது தற்செயல். ஆனால் வானத்தைப் படமெடுத்த வரலாற்றுக்குள் போய்ப் பார்த்தால், தோலுக்கும் விண்மீனுக்கும் உள்ள உறவில் தற்செயலுக்கு இடமே இல்லை.

எல்லோரும் நிலவில்தான் தொடங்குகிறோம். தொலைநோக்கியின் ஐபீஸில் செல்போனை வைத்துப் பிடித்தால் வருவது வெறும் வெள்ளை வட்டம். சுற்றியுள்ள இருட்டைப் பார்த்துவிட்டு, வெளிச்சம் போதவில்லை என்று போன் தானே எக்ஸ்போஷரைக் கூட்டிக்கொள்கிறது. உண்மையில் நிலவு வெயிலில் கிடக்கும் பாறை. அதற்குப் பகல் படத்துக்கான எக்ஸ்போஷரே போதும். அந்தப் பாறையும் அப்படியொன்றும் வெளுப்பானதல்ல. தன்மேல் விழும் ஒளியில் சுமார் 12 சதவீதத்தைத்தான் அது திருப்பி அனுப்புகிறது. தேய்ந்த தார்ச்சாலையின் நிறம் என்று சொன்னால் பொருந்தும். எக்ஸ்போஷரைக் குறைக்கக் குறைக்கக் குழிகள் தெரிகின்றன, மலைகளின் நிழல் நீள்கிறது. பௌர்ணமியைவிட அரைநிலவு நாள் இதற்கு நல்லது. பகலும் இரவும் சந்திக்கும் விளிம்பில் சாய்வாக விழும் வெயில் சிறு மேட்டையும் எடுத்துக் காட்டும். ரம்ஜானுக்கும் ஈதுக்கும் மாடிகளில் நின்று மேற்கே பிறை தேடுவது இந்த ஊர்களின் தலைமுறைப் பழக்கம். அந்த மெல்லிய பிறைக்குள் மீதி நிலவு சாம்பலாகத் தெரிகிறதே, அது பூமியிலிருந்து போய் நிலவில் பட்டுத் திரும்பும் ஒளி. சில நொடி எக்ஸ்போஷரில் அந்த இருண்ட பாகத்தின் சமவெளிகள்கூடப் படத்தில் வந்துவிடுகின்றன. வெயில் படும் பாகத்தைக் காண ஒளியைக் குறைக்க வேண்டும், நிழலைக் காண ஒளியைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் ஒரே படத்தில் எடுக்க முயலும்போதுதான், கண் சிரமமில்லாமல் செய்யும் வேலை எவ்வளவு பெரியது என்று தெரிகிறது.

ஃபோகஸ் அடுத்த படி. கண்ணுக்குத் தெளிவாக இருப்பது சென்சாருக்குத் தெளிவாக இருக்காது. 2005-இல் பாவெல் பாக்தினோவ் என்ற ரஷ்யர் இதற்கு ஓர் எளிய வழி கண்டார். மூன்று திசைகளில் சாய்ந்த கீற்றுகள் வெட்டிய ஒரு மறைப்பைக் குழாயின் வாயில் வைத்தால், விண்மீனிலிருந்து மூன்று ஒளிக்கோடுகள் கிளம்பும். நடுக்கோடு மற்ற இரண்டுக்கும் சரியாக மத்தியில் வந்து நின்றால் ஃபோகஸ் சரி. இதற்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. ஷூ வரும் கெட்டி அட்டைப் பெட்டிக்கு ஆம்பூரில் பஞ்சமில்லை. ஒரு கத்தியும் பொறுமையும் இருந்தால் வெட்டிவிடலாம்.

கோள்களுக்கு வரும்போது நம் அட்சரேகை நமக்குக் கொடுத்திருக்கும் வரம் தெரிகிறது. கோள்கள் நடக்கும் பாதை வான நடுக்கோட்டிலிருந்து வடக்கிலும் தெற்கிலும் சுமார் 23.4 பாகைக்குள் அடங்கும். அதனால் ஆம்பூரில் வியாழனோ சனியோ எந்த ஆண்டிலும் உச்சத்துக்கு வரும்போது அடிவானத்திலிருந்து 50 பாகைக்கு மேலேயே இருக்கும். லண்டனில் மோசமான ஆண்டுகளில் அவை சுமார் 15 பாகைக்குமேல் ஏறுவதில்லை. தாழ்ந்த கோளின் ஒளி தடித்த காற்றைக் கடந்து வர வேண்டும். வந்து சேரும்போது குழம்பியிருக்கும். கோள் படங்களுக்கு உலகப் புகழ் பெற்ற இங்கிலாந்துக்காரர் டேமியன் பீச், தன் கருவிகளைத் தூக்கிக்கொண்டு பார்படோஸ் தீவுக்குப் போய்ப் படமெடுத்தார். பார்படோஸ் இருப்பது சுமார் 13 பாகை வட அட்சத்தில். அதாவது வேலூரும் ஆம்பூரும் இருக்கும் அதே கோட்டில். அவர் கடல் கடந்து தேடிப் போன உயரம் நமக்கு மாடிப்படி ஏறினால் கிடைக்கிறது.

ஆனால் பார்படோஸின் கடற்காற்று நமக்கு இல்லை. பகலில் சூடேறிய தளங்களும் மணலாய்க் கிடக்கும் ஆற்றுப்படுகையும் நள்ளிரவு வரை வெப்பத்தை விட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த வெப்பக் காற்றின் சுருள்களுக்கு நடுவே வியாழன் ஒரு கணம் தெளிந்து மறுகணம் கரைகிறது. இதற்கு விடை ஒற்றைப் படத்தில் இல்லை. சில நிமிடங்களுக்கு வீடியோ எடுத்து, அதன் ஆயிரக்கணக்கான ஃபிரேம்களில் காற்று அடங்கியிருந்த கணங்களை மட்டும் மென்பொருளால் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். மேகப் பட்டைகள் அப்போது மெல்ல எழுந்து வரும். எல்லாக் கணங்களையும் பதிந்து, நல்ல கணங்களை மட்டும் வைத்துக்கொள்ளும் வேலை இது. பின்னிரவில், சுவர்களின் சூடு தணிந்த பிறகு எடுத்தால் நல்ல கணங்கள் கூடுகின்றன. அதனால் இந்தப் பழக்கம் உள்ளவர்களுக்கு மூன்று மணி நன்றாகப் பழகிப்போகிறது.

மங்கலான பொருள்களுக்குப் போனால் பூமியின் சுழற்சி எதிரே நிற்கிறது. வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. நிலவின் விட்டம் அளவு தூரத்தை இரண்டே நிமிடத்தில் கடக்கிறது. நெபுலா ஒன்றைப் பல நிமிடங்கள் பதிய வேண்டுமென்றால், தொலைநோக்கி வானத்தோடு சேர்ந்து திரும்ப வேண்டும். அதற்குத் தொலைநோக்கியைத் தாங்கும் மவுண்ட்டின் அச்சைத் துருவத்தை நோக்கிச் சாய்க்க வேண்டும். இங்கே நம் அட்சரேகை வரமாக இல்லை. துருவ விண்மீன் ஆம்பூரில் அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய 13 பாகையில், புழுதியிலும் மூட்டத்திலும் தொலைந்து கிடக்கிறது. பல மாடிகளில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே அதை மறைத்துவிடும். குளிர்நாட்டு அட்சரேகைகளை மனத்தில் வைத்துச் செய்த மவுண்ட்கள் இவ்வளவு தாழச் சாய்வதில்லை. சாய்ந்தாலும் எதிர்எடைக் கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். துருவ விண்மீன் தெரியாதபோது, தெற்கே உச்சத்தில் உள்ள ஒரு விண்மீனையும் கிழக்கே எழும் ஒரு விண்மீனையும் மாறி மாறிப் பார்த்து, அவை எந்தப் பக்கம் நழுவுகின்றன என்பதைக் கொண்டு அச்சைத் திருத்துவது பழைய முறை. மெதுவான வேலைதான். அது முடியும்போது, நாம் சுழலும் ஒரு கோளத்தின் இடுப்புக்கு அருகில் நிற்கிறோம் என்பது புத்தகத்துச் செய்தியாக இல்லாமல் கையறிந்த செய்தியாகிவிடுகிறது.

அடுத்தது சூடு. கேமரா சென்சாரில் ஒளியே படாதபோதும் வெப்பத்தால் மின்துகள்கள் கசிகின்றன. சுமார் 6 டிகிரி செல்சியஸ் ஏறும்போதெல்லாம் இந்தக் கசிவு இரட்டிக்கிறது. ஐரோப்பாவில் 4 டிகிரிக் குளிரில் ஓடும் கேமராவை நம் கோடை இரவின் 28 டிகிரியில் ஓட்டினால் நான்கு இரட்டிப்பு, அதாவது 16 மடங்கு. காவலூரில் இதற்காகவே சென்சாரைத் திரவ நைட்ரஜனால் குளிரவைக்கிறார்கள். மாடியில் நிற்பவருக்கு வேறு வழி உண்டு. குழாயின் மூடியை மூடிவிட்டு, அதே சூட்டில் அதே நேரத்துக்கு இருட்டையே படமெடுக்கிறோம். அந்த இருட்டுப் படத்தை நல்ல படத்திலிருந்து கழித்தால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தோன்றும் புள்ளிகள் போய்விடும். எஞ்சும் இரைச்சலைக் குறைக்கப் பல படங்களை எடுத்துச் சராசரி காண வேண்டும். 16 படங்களை அடுக்கினால் இரைச்சல் நான்கில் ஒன்றாகும். 100 படங்களை அடுக்கினால் பத்தில் ஒன்றாகும். இரட்டிப்புத் தெளிவுக்கு நான்கு மடங்கு நேரம் கொடுக்க வேண்டும். இதில் சலுகை கிடையாது.

மார்கழியில் திருவாதிரை உச்சிக்கு வரும் இரவுகளில், அதற்குத் தெற்கே மூன்று விண்மீன்களின் கீழே தொங்கும் மங்கல் திட்டைத் தொலைநோக்கியில் பார்த்தால் சாம்பல் நிறப் புகைபோலத்தான் இருக்கும். எவ்வளவு நேரம் பார்த்தாலும் அவ்வளவுதான். கண் ஒளியைச் சேமிப்பதில்லை. ஒரு கணத்தில் வந்ததை மறுகணத்துக்கு எடுத்துச்செல்லாமல் புதிதாகப் பார்க்கிறது. உயிர் பிழைக்க அதுதான் தேவை. ஆனால் அதே இடத்தைச் சில நிமிடங்கள் சென்சாரில் பதிந்தால் இளஞ்சிவப்பும் ஊதாவும் எழுந்து, சிறகு விரித்த வடிவம் தெரிகிறது. அதுதான் ஓரியன் நெபுலா. சுமார் 1,300 ஒளியாண்டுத் தொலைவில் விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் வாயு மண்டலம். ஒளி ஏற்கெனவே நம் மாடிக்கு வந்துகொண்டுதான் இருந்தது. அதைத் தங்கவைக்க ஒரு பரப்பு இல்லாமல் இருந்தது.

அந்தப் பரப்பின் கதைதான் என்னை இந்த ஊரோடு சேர்த்துக் கட்டுகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் புகைப்படக்காரர்கள் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவிவிட வேண்டியிருந்தது. ஈரம் நிற்பது சில நிமிடங்கள்தான். நிலவையும் சூரிய கிரகணத்தையும் அதற்குள் எடுத்துவிடலாம். நெபுலாவை எடுக்க முடியாது. 1871-இல் ரிச்சர்டு லீச் மேடக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் வெள்ளி புரோமைடை ஜெலட்டினில் கலந்து பூசலாம் என்று எழுதினார். அடுத்த சில ஆண்டுகளில் மற்றவர்கள் அதை மேம்படுத்த, காய்ந்த பிறகும் ஒளியை வாங்கும் தகடு வந்தது. 1880 செப்டம்பர் 30 அன்று நியூயார்க் அருகே ஹென்றி டிரேப்பர் என்ற மருத்துவர் தன் 11 அங்குலத் தொலைநோக்கியில் அத்தகைய உலர்தகட்டை வைத்து ஓரியன் நெபுலாவை 51 நிமிடங்கள் பதிந்தார். ஒரு நெபுலாவின் முதல் புகைப்படம் அது. விண்மீன்கள் பெருத்தும் இழுபட்டும், நெபுலா மங்கலாகவும் இருந்த படம். இன்று புதிதாகத் தொடங்கும் எவருடைய முதல் படமும் அதற்கு உறவு. மூன்றே ஆண்டுகளில், 1883-இல், லண்டன் புறநகரில் ஆண்ட்ரூ காமன் 36 அங்குல ஆடியில் எடுத்த படத்தில், அதே தொலைநோக்கியில் கண்ணால் காண முடியாத விண்மீன்களும் பதிந்திருந்தன. கண்ணைத் தாண்டி வானம் பார்க்கப்பட்டது அங்கேதான்.

ஜெலட்டின் எங்கிருந்து வருகிறது? மாட்டின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும். தோலைத் தோலாக்குவது கொலாஜன் என்ற நார்ப்புரதம். டேனரியில் அந்த நார்களைப் பிணைத்து அழுகாமல் நிறுத்துகிறார்கள். அன்று ஆவாரம்பட்டையும் கடுக்காயும் செய்த அந்த வேலையை இன்று டிரம்மில் சுழலும் குரோம் உப்பு செய்கிறது. ஜெலட்டினுக்கு வழி வேறு. சுண்ணாம்பில் வாரக்கணக்கில் ஊறிய தோலின் ஓரத்துண்டுகளையும் அடிச்சவ்வையும் வெந்நீரில் மெல்லக் காய்ச்சி, அதே நார்களை அவிழ்த்துக் கரைக்கிறார்கள். சுண்ணாம்புக் குழி வரைக்கும் இரண்டுக்கும் ஒரே பாதை. அதன் பிறகு ஒன்று செருப்பாகப் போகிறது, ஒன்று பசையாகப் போகிறது. அந்தப் பசை நீரில் ஊதி, மருந்துக் கரைசலை உள்ளே விட்டு, காயும்போது வெள்ளிப் படிகங்களை இடம் நகராமல் பிடித்துக்கொள்ளும். நூறாண்டுக்கு மேல் வேறெந்தப் பொருளும் அதன் இடத்தைப் பிடிக்கவில்லை.

இன்னும் ஆழமாகப் போனால் மாட்டின் தீவனம் வரைக்கும் போக வேண்டும். ஒரே செய்முறையில் செய்தும் சில ஜெலட்டின் தகடுகள் ஒளியைக் கூர்மையாக வாங்கின, சில மந்தமாக இருந்தன. கோடாக் ஆய்வகத்தில் சாமுவேல் ஷெப்பர்டு 1920-களில் காரணத்தைப் பிடித்தார். கடுகு இனச் செடிகளை மேய்ந்த மாடுகளின் தோலில் கந்தகச் சேர்மங்கள் மிக மிகச் சிறிய அளவில் தங்கியிருந்தன. அவைதான் வெள்ளிப் படிகங்களைக் கூர்மையாக்கின. ஒரு விண்மீனின் ஒளி தகட்டில் பதிந்ததா இல்லையா என்பதில் எங்கோ ஒரு மாடு மேய்ந்த வயலுக்கும் பங்கு இருந்தது.

குரோமும் இந்தக் கதைக்குள் வருகிறது. ஜெலட்டின் படலம் கழுவும்போது உரியாமலிருக்கக் குரோம் படிகாரம் சேர்த்துக் கெட்டிப்படுத்தினார்கள். டிரம்மில் தோலுக்கு நடப்பதே அங்கே கண்ணாடித் தகட்டில் நடந்தது. 1852-இல் ஃபாக்ஸ் டால்பட் கண்டது அதைவிட வியப்பு. டைகுரோமேட் கலந்த ஜெலட்டின், ஒளி பட்ட இடத்தில் மட்டும் கெட்டிப்படும். அங்கே ஒளியே தோல் பதனிடுகிறது. டைகுரோமேட் ஜெலட்டினில் செய்த கீற்றணிகள் இன்றைக்கும் உலகின் பல பெரிய தொலைநோக்கிகளின் நிறமாலைமானிகளில் விண்மீன் ஒளியைப் பிரித்துத் தருகின்றன. சிலிக்கான் சென்சார் வந்தபின் தகடுகள் போய்விட்டன. ஜெலட்டின் வானத்தைவிட்டுப் போகவில்லை.

தோல் வேலையை இழிவாகப் பார்த்த சமூகம் நம்முடையது. சுண்ணாம்புக் குழியில் நின்றவர்களின் கால்களையும், ஈரத்தோலைச் சுமந்த தோள்களையும், உடம்பில் ஒட்டிய வாடையையும் காரணம் காட்டி மனிதர்களைத் தள்ளி நிறுத்திய சமூகம். மனிதகுலம் அண்டத்தின் பரப்பை அறிந்ததே அந்த வேலையின் உடன்பிறப்பான ஒரு பொருளால்தான் என்பதை இந்த ஊர்களின் ஒவ்வொரு பள்ளியிலும் சொல்ல வேண்டும். கொடைக்கானல் வானாய்வகத்தில் 1904 முதல் சூரியனை நாள்தோறும் பதிந்து சேர்த்த தகடுகளும் படச்சுருள்களும் ஜெலட்டின் மேல் நிற்பவை. காவலூரின் 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியில் எடுத்த புகைப்படத்தில் 1988 பிப்ரவரியில் ஆர். ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். கணிதமேதை ராமானுஜனின் பெயரை இன்று அது தாங்கியிருக்கிறது.

காவலூரை உருவாக்கிய வைணு பாப்புவின் பெயரும் ஒரு புகைப்படத் தகட்டிலிருந்தே உலகுக்குத் தெரிந்தது. 1927-இல் சென்னையில் பிறந்தவர். தந்தை ஹைதராபாத்தின் நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர். 1949-இல் ஹார்வர்டுக்குப் படிக்கப் போன சில மாதங்களிலேயே, தான் எடுத்த தகடு ஒன்றில் இருக்கக் கூடாத ஒரு தடத்தைக் கவனித்தார். அது ஒரு புதிய வால்விண்மீன். பேராசிரியர் பார்ட் போக், உடன் பயின்ற கோர்டன் நியூகிர்க் இருவரின் பெயரோடு சேர்ந்து பாப்பு–போக்–நியூகிர்க் என்று அது பதிவாகியது. 1960-இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநராக வந்தவர், விண்மீன்களைப் பார்க்க வேறு இடம் வேண்டும் என்று தேடி ஜவ்வாது மலைக்கு வந்தார். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வட வானத்தையும் தென் வானத்தின் பெரும்பகுதியையும் இங்கிருந்து பார்க்கலாம். சந்தனக் காடு சூழ்ந்திருந்தது. ஊர்களின் வெளிச்சம் தொலைவில் இருந்தது. 1960-களின் இறுதியில், உள்நாட்டிலேயே செய்த 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றோடு காவலூர் தொடங்கியது. இன்று ஆர்வலர் ஒருவர் வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய அளவுதான் அது.

1972-இல் ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப் போகும் நேரத்தில், அந்த விண்மீன் முன்கூட்டியே கண் சிமிட்டியதைக் காவலூரில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் பதிந்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகுக்குத் தெரிந்த இரவு அது. அந்தச் சிமிட்டலைப் பதிந்த சில இடங்களில் ஜவ்வாது மலையும் ஒன்று. பாப்பு கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியை இந்தியாவிலேயே வடிவமைத்து, ஆடியைத் தேய்த்து, கட்டி முடித்தார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை, 1982-இல் மறைந்துவிட்டார். 1986 ஜனவரியில் அது அவர் பெயரிலேயே நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

மே மாத இரவுகளில் ஆம்பூர் மாடியிலிருந்து தெற்கே பார்த்தால், ஜவ்வாது மலைக்கு மேல் சுமார் 30 பாகை உயரத்தில் ஒமேகா சென்டாரி வந்து நிற்கிறது. ஏறக்குறைய 17,000 ஒளியாண்டுத் தொலைவில், பல லட்சக்கணக்கான முதிய விண்மீன்கள் உருண்டையாகத் திரண்ட கூட்டம். ஐரோப்பாவின் பெரும்பகுதியிலிருந்து இது தெரியவே தெரியாது. புதிதாகத் தொடங்குபவருக்கு இது இரக்கமுள்ள பொருள். குறுகிய எக்ஸ்போஷர்களை அடுக்கினாலே மணல்மணலாய்ப் பிரிந்து வருகிறது. படத்தின் கீழ்ப்பகுதி மட்டும் வெளுத்திருக்கும். நம் பள்ளத்தாக்கின் விளக்குகள் மேல்நோக்கிக் கொட்டும் ஒளி அது. சோடியம் விளக்குகள் இருந்த காலத்தில் அந்த மஞ்சளை ஒரு வடிகட்டியால் ஓரளவு தடுக்க முடிந்தது. வெள்ளை எல்இடியின் ஒளி எல்லா நிறங்களிலும் பரவியிருக்கிறது. அதன் நீலப் பகுதி காற்றில் இன்னும் அதிகமாகச் சிதறுகிறது. அந்த வெளுப்பு நம் மாடியோடு நிற்பதில்லை. அது காவலூரின் வடக்கு வானத்துக்கும் ஏறுகிறது.

இந்தப் பள்ளத்தாக்குக்கு மாசு என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்துக்குள் உறுதியாக நிறுத்தியது. பாலாற்றையும் அதன் கரை நிலத்தையும் பற்றிய வழக்கு அது. மண்ணில் இறங்கிய உப்பும் குரோமியமும் தீர்ப்பு வந்ததும் வெளியேறிவிடவில்லை. கிணறுகள் திரும்பத் தலைமுறைகள் ஆகும்.

இரவு அப்படிப்பட்டதல்ல. ஒரு விளக்கின் மேல்பக்கத்தை மூடினால் அது கெடுத்துக்கொண்டிருந்த வானம் அந்த நொடியே திரும்பிவிடும். எதையும் சுத்திகரிக்க வேண்டாம், எந்த வண்டலும் தங்காது. இருண்ட வானம் கேட்பது இருண்ட தெருவை அல்ல. இரவு ஷிப்ட் முடிந்து ஷூ கம்பெனியிலிருந்து நடந்து வரும் பெண்களுக்கு வெளிச்சம் வேண்டும், அது தரையில் வேண்டும். மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் போகும் ஒளி அவர்களுடைய கண்ணைக் கூசவைக்கிறதே தவிரப் பாதையைக் காட்டுவதில்லை. மேல்மூடி உள்ள, சற்றே மஞ்சள் சாய்ந்த, தேவையான அளவே எரியும் விளக்கு அவர்களுக்கும் நல்லது, காவலூருக்கும் நல்லது, மின்கட்டணத்துக்கும் நல்லது. லடாக்கின் ஹான்லேயில் 2022-இல் இருண்ட வானத்துக்கென்று ஒரு காப்பகத்தை அறிவித்தார்கள். ஆள் குறைந்த பனிப்பாலையில் அதைச் செய்வது எளிது. தொழில் செய்து பிழைக்கும் ஊர்களுக்கு நடுவில் செய்வதுதான் மதிப்புள்ள காரியம். அதற்கு ஜவ்வாது மலையைச் சுற்றிய ஊர்களைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை.

சனிக்கிழமைகளில் பொதுமக்கள் காவலூருக்குப் போய்த் தொலைநோக்கியில் பார்க்க வழி உண்டு. இந்த ஊர்களின் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போக வேண்டும். திரும்பி வந்ததும் தங்கள் மாடியிலிருந்து ஒரு படமாவது எடுக்கச் சொல்ல வேண்டும். அந்தப் படத்தில் வெளுத்துக் கிடக்கும் பின்னணியைக் காட்டி, இது எந்தத் தெருவின் விளக்கு என்று கேட்க வேண்டும். பிள்ளைகள் சரியாகச் சொல்லிவிடுவார்கள். அதன் பிறகு அந்த விளக்கைத் திருப்பச் சொல்லி நகராட்சியிடமும் கம்பெனியிடமும் கேட்பது பெரியவர்கள் வேலை. ஆற்றுக்காக இந்தப் பள்ளத்தாக்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. வானத்துக்காக நகர்மன்றக் கூட்டம் வரை போனால் போதும்.